செங்கல்முக உத்தரத்தின் மேற்பக்கம்

மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்னால், சுக்கு நெடி எந்நேரமும் மூக்கைத் துளைக்கும் ஒரு சந்தில் சர்க்கார் பிரசவ விடுதி ஒன்று இருந்தது. மழை பெய்தால் அங்கே பிள்ளை பெற்றவளின் கட்டிலை மூன்று தடவை இடம் மாற்ற வேண்டும். நாலாவது தடவை மாற்ற ஒழுகாத இடம் இருக்காது. ஓடு மாற்றிக் கொடுங்கள் என்று தலைமை மருத்துவச்சி ஜலீலா ஆறு வருஷம் எழுதினாள். ஏழாவது வருஷம், அதாவது 1963-ல், ஓட்டுக்குப் பதிலாக ஒரு கொள்கை வந்தது. இனிமேல் கட்டப்படும் ஒவ்வொரு சர்க்கார் கட்டடத்திலும் செங்கல்முக உத்தரம் இருந்தாக வேண்டும். செங்கல்முக உத்தரத்தை வைப்பதற்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டது. அதனால் விடுதிக்குப் புது வார்டு கிடைத்தது.

வாசலுக்கும் ஜன்னலுக்கும் சுவரில் திறப்பு விட்டால், அதற்கு மேலே உள்ள சுவரைத் தாங்கக் குறுக்கே ஒன்று வைப்பார்கள். கொத்தனார்கள் அதை லிண்டல் என்பார்கள். தேவராவில் காயலோரத்துச் சதுப்பில் மண் கொட்டி மேடாக்கி எழுப்பியிருந்த செங்கல்முக உத்தர நிலையம் அந்தச் சொல்லைத் தன் வளாகத்துக்குள் அனுமதிப்பதில்லை. லிண்டலைக் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே எவன் வேண்டுமானாலும் வார்த்துவிடுவான். உத்தரமோ நிலையத்தில் வார்க்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, செங்கல் வில்லைகளால் முகம் ஒட்டப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு வள்ளத்தில் வருவது.

ஜலீலா பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண். கோயமுத்தூரில் மருத்துவச்சிப் படிப்பு படித்து, மட்டாஞ்சேரிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. சர்க்கார்மேல் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நோவு எடுத்தால் எப்படியும் ஒரு நேரத்தில் பிள்ளை வந்துதான் ஆகவேண்டும். அதுபோல மனு கொடுத்தால் எப்படியும் ஒரு நேரத்தில் பதில் வந்துதான் ஆகவேண்டும். புது வார்டு என்றதும், கேட்டதைவிடப் பெரியதாகவே கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

புது வார்டின் சுவர் வாசல் மட்டத்துக்கு எழும்பியிருந்த சமயம், மேட மாசம் ஒரு காலை, ஆறு உத்தரங்கள் படகு ஜெட்டியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றுக்கும் செவ்வந்தி மாலை. சுமட்டுக்காரர்கள் அவற்றைத் தோளில் தூக்கிவந்து விடுதி முற்றத்தில் வரிசையாகக் கிடத்தினார்கள். நிலையத்தின் டைரக்டர் வைத்தீஸ்வரன் கறுப்புக் கண்ணாடியும் டையுமாக வந்திருந்தார். அவரும் பாலக்காட்டுக்காரர்தான், கல்பாத்திப் பக்கம். வெளிநாட்டில் மூன்று மாசம் உத்தரம் பார்த்துவிட்டு வந்தவர்.

"இது ஏதோ லிண்டல்னு நெனைச்சேள்னா அது உங்க அறியாமை" என்று ஆரம்பித்தார். "உள்ளே கான்கிரீட். அதுக்கும் உள்ளே இரும்புக் கம்பி. வெளியிலே செங்கல். தெருவிலே போறவன் பார்த்தா எது தாங்கறதுன்னே தெரியப்படாது. தாங்கறது தெரிஞ்சா அது அசிங்கம், கேட்டேளா? தாங்கறவன் உள்ளே கெடக்கட்டும். முகம் நன்னா இருக்கணும். எங்க நிலையத்தையும் நான் அப்படியாக்கும் நடத்திண்டு வரேன்."

நிலையத்துச் சிப்பந்திகள் கை தட்டினார்கள். ஜலீலாவும் தட்டினாள்.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபோதுதான் டைரக்டர் அதைக் கவனித்தார். ஒவ்வொரு உத்தரத்தின் முகத்திலும் சிவப்புப் பெயிண்டில் ஓர் அம்புக்குறியும் 'மேல்' என்ற சொல்லும் இருந்தன.

"முகத்திலே யாரு கிறுக்கினது?"

நிலையத்தின் ஓவர்சியர் நாணு முன்னால் வந்தான். "கிறுக்கினது இல்ல சார். மேல் பக்கம் எதுன்னு அடையாளம். நிலையத்தில போடறது."

"போட்டோவிலே விழுமோ?"

"விழும் சார்."

"அழி."

ஆசிட் வந்தது. கம்பிப் பிரஷ் வந்தது. ஆட்கள் உத்தரங்களைப் புரட்டிப் புரட்டிக் கழுவினார்கள். டைரக்டருக்குப் பின்னால் தெரியவேண்டிய எட்டடி உத்தரம்தான் ஆறிலும் நீளமானது. அதை இரண்டு தடவை கழுவினார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லா முகங்களும் பளிச்சென்று ஆயின. போட்டோ எடுத்தார்கள்.

கொத்தனார் பிச்சைமணியை விழா முடிந்த பிறகு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். மாலை நேரத்தில் வந்தார். அறுபது வயது, திருநெல்வேலிச் சீமை, பஜார் ரோட்டுக் கோடவுன்களில் பாதி அவர் கை. உத்தரங்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்தார். விரலால் தடவினார்.

"அடையாளத்தை எவம்லே அழிச்சது?"

ஜலீலா சொன்னாள். பிச்சைமணி மடியில் வைத்திருந்த அவித்த கப்பைக் கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு முனையிலும் பிடித்துக் கீழ்நோக்கி வளைத்துக் காட்டினார். துண்டின் அடிப்பக்கம் வாயைப் பிளந்தது.

"பாத்தியளா சிஸ்டர்? பாரம் மேல இருந்து அமுக்குனா, கிழியறது அடிப்பக்கம். அதனால கம்பிய அடியில போட்டு வார்ப்பாங்க. தலைகீழா வச்சா கம்பி மேல போயிரும். அடியில வெறும் சிமிண்டு. அது எத்தன நாள் நிக்கும்ங்கிறது படச்சவனுக்குத்தான் தெரியும்."

"இப்ப மேல் எதுன்னு பார்த்தா தெரியாதா மேஸ்திரி?"

"நாலு பக்கமும் செங்கல்ல ஒட்டி மூஞ்சி வச்சுட்டாங்கள்ல. உடைச்சாத்தான் தெரியும்."

உடைக்கக் கூடாது என்றான் நாணு. முகத்துக்குச் சேதம் செய்தால் தண்டனை, உத்தரவு இருக்கிறது. அம்பு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஜலீலா அவனைக் கேட்டாள். "புரட்டிப் புரட்டியில்லே கழுவினது சிஸ்டரே. எனிக்கு ஓர்மையில்ல" என்றான். நினைவில்லையாம். ஜலீலாவும் அந்தச் சிவப்பைப் பார்த்தவள்தான். கை தட்டிக்கொண்டிருந்ததில் அம்பு எங்கே நோக்கியிருந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை. அந்த நினைப்பு அவளைப் பல நாள் குடைந்தது.

மறுநாள் அவள் படகில் எறணாகுளம் போய், பஸ் பிடித்துத் தேவராவில் இறங்கினாள். ஒரே ஒரு கேள்வி, ஒரு நிமிஷத்து வேலை என்று நினைத்தாள்.

நிலையத்தில் முகப் பிரிவு என்றும் உட்பிரிவு என்றும் இரண்டு இருந்தன. முகப் பிரிவுக் குமாஸ்தா, எங்களுக்குச் செங்கல்லோடு மட்டும்தான் சம்பந்தம், செங்கல்லுக்கு மேல் கீழ் கிடையாது என்றார். உட்பிரிவுக் குமாஸ்தா, நாங்கள் கம்பி போட்டு வார்ப்பதோடு சரி, முகம் ஒட்டிய பிறகு அது எங்கள் உத்தரம் என்று எங்களுக்கே அடையாளம் தெரியாது, தெரியக்கூடாது என்பதுதான் நிலையத்தின் சாதனை என்றார். இரண்டு பேருமே மரியாதையாகத்தான் சொன்னார்கள். பிறகு அவளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உத்தரத்தின் பக்கம் குறித்த விசாரணை.' மூன்றாவது கேள்வி: விசாரிக்கப்படும் பக்கம் மேற்பக்கமா, கீழ்ப்பக்கமா?

"அதைக் கேக்கத்தானே நான் வந்திருக்கேன்" என்றாள் ஜலீலா.

"அதை எழுதாம ஃபாரம் வாங்க முடியாது."

"தெரிஞ்சா எழுத மாட்டேனா?"

"தெரிஞ்சா ஃபாரம் எதுக்கு சிஸ்டரே?" என்றார் குமாஸ்தா, நிஜமாகவே குழம்பிப்போய்.

மத்தியானம் மூன்று மணிக்கு டைரக்டர் அவளைக் கூப்பிட்டார். அறைச் சுவரில் அந்தப் போட்டோ சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது. மாலை போட்ட உத்தரத்துக்கு முன்னால் மாலை போட்ட டைரக்டர்.

"நம்ம பாலக்காட்டுக்காரியாக்கும்னு கேள்விப்பட்டேன். அதனாலே மனசு விட்டுச் சொல்றேன். தேசம் எங்கே போயிண்டிருக்குன்னு பார்க்கறேள். மேல், கீழ்ங்கறதெல்லாம் பழைய சமுதாயத்திலே இருந்த பேதம். மனுஷாளுக்குள்ளேயே அதை எடுத்தாச்சு. உத்தரத்துக்கு வேணுமா? எங்க உத்தரத்துக்கு எல்லாப் பக்கமும் சமம்."

"கம்பி ஒரு பக்கம்தானே இருக்கு சார்?"

"அது உள் விஷயம்" என்றார் டைரக்டர். "உள் விஷயத்தை வெளியாள் கேக்கப்படாது."

"சார், அதுக்கு அடியில பிள்ளை பெத்தவங்க படுக்கப்போறாங்க."

"பின்னே? அவாளுக்கு அது பெருமைதானே!"

படகில் திரும்பும்போது அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது, தனக்குத்தான் ஏதோ புரியவில்லையோ என்று. மட்டாஞ்சேரி ஜெட்டியில் கால் வைத்தபோது அந்த வெட்கம் போயிருந்தது. எல்லாமே நன்றாகப் புரிந்திருந்தது.

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. உத்தரங்களை எப்படி வைப்பது என்ற சந்தேகம் எழுந்தால், அதிகாரபூர்வமான போட்டோவில் அவை எப்படிக் காணப்படுகின்றனவோ அப்படியே வைக்க வேண்டும். முற்றத்தில் ஆட்கள் கழுவிவிட்டு எப்படிப் போட்டார்களோ, அதுவே சட்டமாயிற்று.

பிச்சைமணி வைக்க மாட்டேன் என்றார். நீங்கள் வைக்காவிட்டால் கொத்து வேலையே தெரியாத ஆள் வந்து வைப்பான் என்றான் நாணு. அது உண்மை என்று தெரிந்ததால் பிச்சைமணி வைத்தார். பகல் வெளிச்சத்தில் தேடியதில், ஐந்து உத்தரங்களில், செங்கல்லின் நுண்துளைகளில், அம்பின் கூர்முனை மட்டும் ஒரு சிவப்புப் பொட்டாக மிஞ்சியிருந்தது. சுற்றறிக்கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு, அந்தப் பொட்டை நம்பியே ஐந்தையும் வைத்தார். ஆறாவதில், போட்டோவுக்காக இரண்டு தடவை கழுவிய அந்த எட்டடி உத்தரத்தில், ஒரு பொட்டும் மிஞ்சவில்லை. வார்டின் பெரிய வாசல் அது. கட்டிலோடு ஆளைத் தூக்கிப் போவதற்காக அகலமாக விட்ட வாசல். அங்கே மட்டும் போட்டோ ஜெயித்தது.

திறப்பு விழாவுக்கு மந்திரியின் தேதி கிடைக்கவில்லை. இடவப்பாதி மழை கொட்ட ஆரம்பித்து, பழைய வார்டில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, ஜலீலா யாரையும் கேட்காமல் கட்டில்களைப் புது வார்டுக்கு மாற்றினாள். நிலையத்தின் கணக்கில் அந்த வார்டு இன்னும் திறக்கப்படவில்லை. திறக்கப்படாத வார்டில் மிதுன மாசம் முடிவதற்குள் முப்பத்தொரு பிள்ளைகள் பிறந்தன.

கர்க்கடக மாசம் தொடங்கிய வாரத்தில், பெரிய வாசலுக்கு மேலே, உத்தரத்தின் அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. ஜலீலா ஸ்டூல் போட்டு ஏறி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை அந்தக் கோட்டின் குறுக்கே ஒட்டினாள். நாலாம் நாள் பிளாஸ்திரி நடுவில் கிழிந்திருந்தது. புதிதாக ஒன்று ஒட்டினாள். அது இரண்டே நாளில் கிழிந்தது. கிழிந்த இரண்டையும் ஒரு உறையில் போட்டுத் தேவராவுக்கு அனுப்பினாள்.

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. பதிலாக மூன்று பேர் கொண்ட குழுவே வந்தது. மழையில் குடை பிடித்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றார்கள். முகத்தைப் பார்த்தார்கள். செங்கல் நிறம் மங்கியிருக்கிறதா என்று ஒரு நிற அட்டையைத் தூக்கிப்பிடித்து ஒப்பிட்டார்கள். உள்ளே வந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள் என்று ஜலீலா கூப்பிட்டாள். வருகிறோம் என்றார்கள். சமையலறை வழியாகச் சுற்றிப் பின்வாசலில் நுழைந்தார்கள். பார்த்துவிட்டுப் பின்வாசலிலேயே வெளியே போனார்கள். பெரிய வாசல் திறந்துதான் கிடந்தது. அவ்வளவு மழையில் அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு போகிற மூன்று பெரிய மனுஷர்களைப் பார்த்து, கட்டிலில் கிடந்த ஒருத்தி, "இவங்களுக்கு என்னத்தைக் கண்டு பயம்?" என்று கேட்டாள்.

குழுவின் அறிக்கை: முகம் திருப்திகரம். அடியில் காணப்படுவது விரிசல் அல்ல, உத்தரம் மூச்சு விடும் வழி. பிளாஸ்திரி கிழிந்தது பிளாஸ்திரியின் குறை. மருந்துக் கிடங்குக்கு எழுதவும். சர்க்கார் உத்தரத்தின் மேல் இனி எதையும் ஒட்டக்கூடாது.

அன்றைக்கே ஜலீலா பிச்சைமணியை வரவழைத்தாள். ஜெட்டியில் கிடந்த இரண்டு தென்னந்தடிகளை அளந்து வெட்டி, பெரிய வாசலின் நடுவில் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். கட்டில் நுழைய இடம் கொஞ்சம் குறைந்தது. மூச்சு விடும் வழி அதற்குமேல் நீளவில்லை.

சிங்க மாசம் பிறந்ததும் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தார்கள். மந்திரி வரப்போவதில்லை, வாழ்த்துத் தந்தி வரும், டைரக்டரே திறந்துவைப்பார். கூடவே ஒரு கடிதம். 'தானே தாங்கும் சக்தி படைத்த உத்தரத்துக்குத் தென்னந்தடியால் முட்டுக் கொடுத்திருப்பது நிலையத்தின் மேல் நம்பிக்கையின்மையைப் பகிரங்கமாகத் தெரிவிப்பதாகும். மேலும் அது முகத்தை மறைக்கிறது. விழாவுக்கு முன் அகற்றப்படும்.'

விழா நாள் காலை எட்டு மணிக்கு நாணு நாலு ஆட்களோடு வந்தான். வார்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். பத்தாவதாக மாயம்மாள். சுக்கு கோடவுனில் தரம் பிரிக்கிற வேலை செய்கிறவள். அன்று விடியலில் நோவோடு நடந்தே வந்திருந்தாள்.

"நாணு, நீ ஒரு பிள்ளைக்குத் தகப்பன்" என்றாள் ஜலீலா. "உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சிஸ்டரே." அவன் கண்ணைப் பார்க்கவில்லை. "ஞான் எடுக்கலன்னா வேற ஒருத்தன் எடுக்கும். என் ஜோலியும் போகும்."

"அரை மணி நேரம் குடு."

அந்த அரை மணியில் அவளும் இரண்டு ஆயாக்களும், பிச்சைமணியும், சந்தில் நின்ற சுமட்டுக்காரர்களும் சேர்ந்து ஒன்பது கட்டில்களையும் பிள்ளைகளோடு பழைய வார்டு வராந்தாவுக்குத் தூக்கினார்கள். மாயம்மாளை அவ்வளவு தூரம் கொண்டுபோக நேரமில்லை. முற்றத்துப் பலாமரத்தடியில் அவள் கட்டிலை இறக்கி, சுற்றிலும் துப்பட்டிகளைக் கட்டி மறைத்தார்கள். அதன் பிறகு நாணுவின் ஆட்கள் தென்னந்தடிகளைத் தட்டி எடுத்தார்கள். உத்தரத்திலிருந்து கொஞ்சம் பொடி உதிர்ந்தது. நாணுவே அதைப் பெருக்கினான்.

பத்து மணிக்கு டைரக்டர் வந்தார். பந்தல் முற்றத்தில். சந்து பூராவும் ஜனம். பெரிய வாசலின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. வாசலுக்குள்ளே, உத்தரத்துக்கு நேர் கீழே, ஒரு மேஜை, வெள்ளை விரிப்பு, அதன்மேல் சட்டம் போட்ட அந்தப் போட்டோ. மேஜையை அங்கே போட்டவள் ஜலீலா.

டைரக்டரின் பேச்சு முக்கால் மணி நேரம். "ஸ்திரீகளுக்காகவாக்கும் இந்த உத்தரம்" என்றார். "தாய்மார்களே, நீங்களும் இந்த உத்தரமும் ஒண்ணு. எத்தனை பாரம் வந்தாலும் முகத்திலே காட்டப்படாது!" சரியாக அந்த இடத்தில் துப்பட்டிகளுக்குள்ளிருந்து மாயம்மாள் போட்ட கூச்சல் சந்துமுனை வரைக்கும் கேட்டது. பின்னாலேயே ஒரு பிள்ளையின் அழுகை. சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள். டைரக்டர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, தந்தியைப் படித்தார்.

பிறகு ரிப்பன். படிக்கு வெளியே நின்றுகொண்டு, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, கத்தரிக்கோலின் நுனியால் வெட்டினார். வெட்டியதும் இரண்டு அடி பின்னால் போனார்.

ஜலீலா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். புடவையில் இன்னும் ரத்தம் இருந்தது.

"உள்ள வாங்க சார். நாற்காலி போட்டிருக்கு. சாயா வச்சிருக்கு."

"இங்கேயே நன்னா காத்து வரது சிஸ்டர்."

"நீங்க திறந்துவச்ச வார்டு. முதல்ல நீங்கதான் உள்ள போகணும்."

"அடுத்த தடவை ஆகட்டும்."

"சும்மா ஒரு நிமிஷம் சார். உத்தரத்துக்குக் கீழ நில்லுங்க. எங்க ஜனங்க பார்க்கட்டும். இன்னைக்குக் காலை வரைக்கும் ஒன்பது பேர் பச்சைப்பிள்ளையோட இதுக்குள்ளதான் படுத்துக் கிடந்தாங்க. நீங்க ஒரு நிமிஷம் நில்லுங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் முற்றம் அடங்கிப்போயிருந்தது. எல்லாரும் டைரக்டரின் கால்களைப் பார்த்தார்கள். அவருக்கு வியர்த்தது. கோபமும் வந்தது. கோபத்தில் மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கு விதி தெரியுமோ? நிலையத்தின் பதினாலாம் விதி! நிலையத்து உத்தியோகஸ்தர் யாரும் நிலையம் செஞ்ச உத்தரத்துக்குக் கீழே நிக்கப்படாது. என் கையாலே எழுதின விதியாக்கும் அது. அதை நானே மீறணுமா?"

யாரும் கை தட்டவில்லை. "அப்பம் ஞங்ஙளோ?" என்று ஒரு சுமட்டுக்காரன் கேட்டான். அப்படியானால் நாங்கள்? டைரக்டர் அந்தக் கேள்விக்கு விதி எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. விருந்து எங்கே என்று கேட்டார்.

விருந்து பழைய வார்டின் கோடி அறையில் நடந்தது. மத்தியானம் மறுபடி மழை பிடித்தது. மூன்றரை மணிக்கு டைரக்டர் காரில் ஏறப்போனவர் நின்று, "நாணு, போட்டோ உள்ளேயே இருக்கே! நனைஞ்சுடப்போறது, எடுத்துண்டு வா" என்றார்.

வராந்தாவில் நின்ற ஜலீலா, "போகாதே நாணு!" என்று கத்தினாள். நாணு அவளைத் திரும்பிப் பார்த்தான். டைரக்டரையும் பார்த்தான். ஓடிப்போனான். மேஜையிலிருந்து போட்டோவை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, கோணிப்பை கிழிகிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது. உத்தரம் நடுவில் மடிந்து இறங்கியது. மேலே இருந்த சுவர் அதன் பின்னால் வந்தது. மேஜை நொறுங்கிப்போனது. நாணு பாதிதான் வெளியே வந்திருந்தான்.

கற்களைப் புரட்டி அவனை இழுத்தெடுத்தது பிச்சைமணியும் சுமட்டுக்காரர்களும். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாத மாதிரிதான் கிடந்தது. ஜலீலா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே நிமிர்ந்தபோது, பிளந்து கிடந்த உத்தரத்தை மழை கழுவிக்கொண்டிருந்தது. கம்பிகள் நாலும் மேல் விளிம்பில் வரிசையாக, துருப்பிடிக்காமல், ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருந்தன. அடியில் வெறும் சிமெண்டு. பிச்சைமணி அதைப் பார்த்தார். அவர் அழுததை ஜலீலா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மறுநாள் காலை உடைந்த துண்டுகளை அள்ளிப்போக நிலையத்திலிருந்து ஆள் வந்தது. நாணுவைப் பார்க்க யாரும் வரவில்லை.

விசாரணை நிலையமே நடத்தியது. முடிவு: நிலையத்தின் உத்தரம் எதுவும் இதுவரை விழுந்ததில்லை. குறிப்பிட்ட நாளில் ஓர் உத்தரம் தன் இடத்தைவிட்டு இறங்கியது. தென்னந்தடி வைத்ததால் அது சோம்பிப்போய், தாங்கும் பழக்கத்தை இழந்திருந்தது. தலைமை மருத்துவச்சி கட்டில்களை முன்கூட்டியே வெளியே எடுத்திருப்பதால், உத்தரத்தின் உத்தேசம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது; அதை மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை. அவரைக் கும்பளங்கிக்கு மாற்றலாம். ஓவர்சியர் நாணு பதினாலாம் விதியை மீறி உத்தரத்துக்குக் கீழே நின்றிருக்கிறார். விளக்கம் கேட்கலாம்.

காலை எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நாணு அந்த விளக்கத்தை எழுதினான். ஜலீலாதான் அட்டையைப் பிடித்துக்கொண்டாள். 'மேலதிகாரி சொன்னதால் போனேன்' என்று எழுதினான். பிறகு அதை அடித்துவிட்டு, 'மழை பெய்ததால் போனேன்' என்று எழுதினான். "எனிக்கு வேற கதியில்ல சிஸ்டரே" என்றான். அவள் அவன் தலையைத் தொட்டுவிட்டு வெளியே வந்தாள். தெருவில் நடக்கும்போது தேவரா இருக்கும் திசையைப் பார்த்துக் காறித் துப்பினாள். நாற்பத்துமூன்று வயதில் அவள் தெருவில் துப்பியது அதுதான் முதல் தடவை.

கும்பளங்கிக்குக் கிளம்பும் முந்தின நாள் டைரக்டரே விடுதிக்கு வந்தார். கையில் பழக்கூடை.

"பிறப்புப் பதிவேட்டிலே என்னமோ எழுதியிருக்கேளாமே?"

ஜலீலா புத்தகத்தை விரித்துக் காட்டினாள். மாயம்மாளின் பெண்குழந்தை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் அவளுடைய குண்டு எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரம் வரைக்கும் போயிருந்தது: 'முற்றம், பலாமரத்தடி. செங்கல்முக உத்தர நிலையத்து உத்தரம் விழும் என்பதால் கட்டிலை வெளியே எடுத்திருந்தது. அன்று பிற்பகல் உத்தரம் விழுந்தது.'

"இதை அடிச்சுட்டு, புது வார்டுன்னு எழுதிடுங்கோ. ரெண்டே வார்த்தை."

"புது வார்டு இடிஞ்சு கிடக்கு சார்."

"காகிதத்திலே இருக்கு."

"அந்தப் பிள்ளை காகிதத்தில பிறக்கலையே."

"கும்பளங்கி வேண்டாம்னா சொல்லுங்கோ. இங்கேயே இருந்துக்கலாம். பென்ஷன் வரைக்கும்."

"பிறப்புப் பதிவைத் திருத்தணும்னா மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும் சார்" என்றாள் ஜலீலா. "மாஜிஸ்திரேட்டு முன்னாடி நீங்க போய் நின்னு, உத்தரம் விழலைன்னு சத்தியம் பண்ணணும். போறீங்களா?"

டைரக்டர் போகவில்லை. பழக்கூடையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு. நிலையத்தின் உத்தரங்கள் அங்கமாலி வரைக்கும் போயின. ஜலீலா கும்பளங்கியில் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஒழுகியது.

1968-ல் மாயம்மாள் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனாள். பிறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். பதிவேட்டில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் நகல் எடுத்துக் கொடுத்தார் ஒரு குமாஸ்தா. அவருக்கு அதுதான் விதி. பள்ளியின் தலைமையாசிரியை கமலாக்ஷி அதை வாங்கி வாசித்தாள். பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

பிறகு எழுந்து, வகுப்பறையின் அகலமான வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். அழகான செங்கல் முகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாலையோடு வந்தது. வாசலை ஒட்டி முதல் பெஞ்சில் ஏழு குழந்தைகள் ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டூல் ஒன்று கொண்டுவரச் சொல்லி ஏறினாள். உத்தரத்தின் அடியை விரலால் தடவியபடி ஒரு முனையிலிருந்து நடு வரைக்கும் வந்தாள். நடுவில் விரல் நின்றது.

"எல்லாரும் ஸ்லேட்டை வச்சுட்டுப் பின்வாசல் வழியா வெளிய போங்க" என்றாள். "ஓடக் கூடாது. சத்தம் போடக் கூடாது. போங்க."

கடைசிக் குழந்தை வெளியே போகிறவரைக்கும் அவள் ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை.